உச்சமும் நீடிப்பும்: பிங்க் ஃபிளாய்டின் ஒலிப்பதிவுகளும் விற்பனைப் பட்டியல்களும்

பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழு வெளியிட்டவற்றில் உலகெங்கும் மிக அதிகமாக விற்றவை இரண்டு: 1973இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’, 1979இல் வந்த ‘தி வால்’. குழுவின் சொந்த நாடான பிரிட்டனில் இவ்விரண்டும் வெளிவந்த காலத்தில் முதலிடம் பெறவில்லை. முன்னது இரண்டாம் இடத்தோடும் பின்னது மூன்றாம் இடத்தோடும் நின்றன. அதே பட்டியலில் முதலிடம் பிடித்தவற்றுள், குழுவினரே பின்னாளில் கடுமையாகக் குறைகூறிய ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ (1970) இருக்கிறது. குழு உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸின் தனி ஆல்பம் என்றே பலர் கருதும் ‘தி ஃபைனல் கட்’ (1983) இருக்கிறது. பெரும்பாலும் 1993ஆம் ஆண்டின் பதிவு அமர்வுகளில் எஞ்சியவற்றைக் கொண்டு உருவான ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ (2014) இருக்கிறது. ராக் இசை வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு ஆல்பத்தின் பெயருக்கு எதிரேயும் அது எட்டிய உச்ச இடத்தைக் குறித்துவிட்டு, அதையே வரவேற்பின் அளவாகக் கொள்வது வழக்கம். இந்தக் குழுவின் கதையில் அந்த வழக்கம் தலைகீழான முடிவுகளைத் தருகிறது.

இக்கட்டுரையின் வாதம் இது. பட்டியலில் உள்ள எண் மக்கள் கேட்டதன் நேரடி அளவு அன்று. எதை ஓர் அலகாக எண்ணுவது, யாரிடம் கேட்டு எண்ணுவது, எவ்வளவு காலம்வரை எண்ணுவது என்று பட்டியல் தயாரிப்போர் வகுத்த விதிகளுக்குள் விழுந்த பகுதி மட்டுமே அது. 1968க்குப் பிறகு பிங்க் ஃபிளாய்ட் தன் இசையின் அலகாக முழு ஆல்பத்தைத் தேர்ந்துகொண்டது. அந்த அலகும் பட்டியல்களின் அலகும் ஒத்துப்போன ஆண்டுகள் உண்டு, முட்டிக்கொண்ட ஆண்டுகளும் உண்டு. குழுவின் பதிவு வரலாற்றை இந்த உறவின் வரலாறாகப் படிக்கும்போதுதான் எண்கள் பொருள் தருகின்றன.

சிங்கிளிலிருந்து ஆல்பத்துக்கு

குழு பட்டியலுக்குள் நுழைந்தது எல்லோரையும் போல மூன்று நிமிடப் பாட்டோடுதான். 1967 மார்ச்சில் வந்த ‘ஆர்னால்ட் லேன்’ பிரிட்டனில் 20ஆம் இடத்தைத் தொட்டது. அடுத்து வந்த ‘சீ எமிலி ப்ளே’ 6ஆம் இடம்வரை ஏறியது. இரண்டும் குழுவின் சிட் பாரெட் எழுதியவை. முதல் சிங்கிளைப் பட்டியலில் ஏற்றுவதற்குத் தாங்களே பணம் செலவழித்துப் பிரதிகளை வாங்க முயன்றதை மேலாளர்கள் தரப்பே பின்னாளில் ஒப்புக்கொண்டது. அன்றைய பிரிட்டனில் இது அரிதான செயல் அன்று. வார இதழ்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருந்தன; எந்தக் கடைகளின் கணக்கு எடுக்கப்படுகிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு ஏறக்குறையத் தெரிந்தே இருந்தது. ஆக, இன்று ‘அதிகாரபூர்வம்’ என்று மேற்கோள் காட்டப்படும் அந்த 20 என்ற எண், போட்டியிட்ட பல பட்டியல்களில் ஒன்று தந்த எண்.

1967 இறுதியில் வந்த ‘ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்’ பட்டியலில் இடம்பெறவே இல்லை. 1968இல் பாரெட் விலகி டேவிட் கில்மர் நிலைபெற்ற பின் வந்த ‘இட் உட் பி ஸோ நைஸ்’, ‘பாயிண்ட் மீ அட் த ஸ்கை’ இரண்டும் அப்படியே போயின. மூன்று தோல்விகளுக்குப் பின் குழு பிரிட்டனில் சிங்கிள் வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. அடுத்தது வர 1979 நவம்பர் ஆயிற்று. கொள்கைப் பிடிப்பால் எடுத்த முடிவாக இதை விவரிப்பவர்கள் உண்டு. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. முதலில் வந்தது தோல்வி, கொள்கை அதற்குப் பின்னர் வளர்ந்தது. இப்படிச் சொல்வதால் அதன் பெருமை குறைந்துவிடாது. சிங்கிள் சந்தை கதவடைத்த பிறகு ஒரு குழு தன் வலிமை வேறெங்கோ இருக்கிறது என்று கண்டுகொண்டது, அதுதான் நடந்தது.

அந்த வலிமையின் அடையாளங்கள் முதல் ஆல்பத்திலேயே இருந்தன. அபி ரோட்டிலிருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் நார்மன் ஸ்மித் தயாரிப்பில் உருவான ‘தி பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்’ ஆல்பத்தில் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ மட்டும் ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பிரிட்டனில் இந்த ஆல்பம் 6ஆம் இடம், அமெரிக்காவில் 131ஆம் இடம் என்று எல்லாக் கையேடுகளிலும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். அந்த ஒரே வரியில்தான் பிழை இருக்கிறது. அமெரிக்காவில் டவர் நிறுவனம் வெளியிட்ட தட்டு வேறொன்று. ‘அஸ்ட்ரானமி டொமினே’, ‘ஃபிளேமிங்’, ‘பைக்’ ஆகிய மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டு ‘சீ எமிலி ப்ளே’யைச் சேர்த்து, வரிசையையும் மாற்றியிருந்தார்கள். ஆல்பத்தின் வாசலாக அமைந்த பாட்டும் அதை முடித்துவைக்கும் பாட்டும் இல்லாத ஒரு பொருள் அது. இரண்டு நாட்டு எண்களை அருகருகே வைத்து ரசனை வேறுபாட்டைப் பேசுவோர், இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒப்பிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது ஆல்பமான ‘எ சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்’ (1968) பிரிட்டனில் 9ஆம் இடம் பெற்றது. வெளிவந்தபோது அமெரிக்கப் பட்டியலில் நுழையவே இல்லை. 1973 இறுதியில் முதல் இரண்டு ஆல்பங்களையும் ‘எ நைஸ் பேர்’ என்ற பெயரில் ஒன்றாகக் கட்டி விற்றபோது, அந்தக் கட்டு அமெரிக்காவில் 36ஆம் இடத்துக்குப் போனது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் யாரும் சீண்டாத அதே இசைதான். இடையில் வேறோர் ஆல்பம் வந்திருந்தது, அவ்வளவே.

1969 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பட்டியல் ஓர் ஒழுங்குக்கு வந்தது. பி.எம்.ஆர்.பி. என்ற சந்தை ஆய்வு நிறுவனம் தேர்ந்தெடுத்த கடைகளிடமிருந்து விற்பனைக் குறிப்பேடுகளைத் தபாலில் பெற்று எண்ணத் தொடங்கியது. 1971 தொடக்கத்தில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது குறிப்பேடுகள் வந்துசேரவில்லை, எண்ணிக்கையே தடைப்பட்டது. அதே ஆண்டு இன்னொரு விதி மாற்றமும் நடந்தது. குறைந்த விலைத் தட்டுகளுக்கு ஆகஸ்டில் ஆல்பம் பட்டியலின் கதவு திறந்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே மூடிக்கொண்டது. பிங்க் ஃபிளாய்டின் பழைய பாட்டுகளைத் திரட்டி மலிவு விலையில் வந்த ‘ரெலிக்ஸ்’ தொகுப்பு 32ஆம் இடம் பெற்றது இந்தச் சூழலில்தான். அந்த எண்ணை மதிப்பிட விரும்புவோர் இசையைக் கேட்பதற்கு முன் விலைச்சீட்டைப் பார்க்க வேண்டும்.

இதற்கிடையே குழுவின் இசை நீண்டுகொண்டே போனது. ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுவதையும் இருபத்து மூன்று நிமிடத் தலைப்புப் படைப்பு நிரப்பியது. ‘மெடில்’ (1971) ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை ‘எக்கோஸ்’ நிரப்பியது. அமெரிக்காவில் இவை முறையே 55, 70ஆம் இடங்களோடு நின்றன. பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றுக்காக விரைவாகப் பதிவுசெய்த ‘ஆப்ஸ்க்யூர்ட் பை கிளவுட்ஸ்’ (1972)தான் அங்கே முதல்முறையாக ஐம்பதுக்குள் நுழைந்து 46ஐ எட்டியது.

1973: இரண்டு கரைகள்

‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ தட்டாக வருவதற்கு ஓராண்டுக்கும் முன்பே மேடையில் முழுமையாக இருந்தது. 1972 ஜனவரி 20 அன்று பிரைட்டனில் தொடங்கிய நிகழ்ச்சி தொழில்நுட்பக் கோளாறால் பாதியில் நின்றது. மறுநாள் போர்ட்ஸ்மவுத்தில் முழுவதும் வாசித்தார்கள். பிப்ரவரியில் லண்டன் ரெயின்போ அரங்கில் நடந்த நிகழ்ச்சிகள் திருட்டுத்தனமாகப் பதிவாகி, அனுமதியில்லாத தட்டுகளாகக் கைமாறின. எந்தப் பட்டியலும் அந்த விற்பனையை எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. எனினும், 1973இல் கடைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் தாங்கள் ஏற்கனவே கேட்டறிந்த ஒரு படைப்பின் செம்மையான பதிப்பை வாங்க வந்தவர்கள் என்பதை மனத்தில் கொள்ளாமல் முதல் வார விற்பனையை விளக்க இயலாது.

பிரிட்டனில் அந்த ஆல்பம் மார்ச் இறுதியில் நேராக 2ஆம் இடத்தில் நுழைந்தது. அந்த வாரம் அதற்கு மேலே இருந்தது, அறுபதுகளின் பழைய வெற்றிப் பாட்டுகள் இருபதைப் பல பாடகர்களிடமிருந்து திரட்டிய ஒரு தொகுப்பு. தொலைக்காட்சி விளம்பரத்தை நம்பிக் குறுகிய காலத்தில் விற்றுத் தீர்க்கும் வகையைச் சேர்ந்தது. 1989இல் பிரிட்டிஷ் பட்டியலாளர்கள் இத்தகைய பலர் பாடிய தொகுப்புகளைத் தனிப் பட்டியலுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்த விதி 1973இலேயே இருந்திருந்தால் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ அந்த வாரம் முதலிடத்தில் இருந்திருக்கும். அரை நூற்றாண்டாகத் திரும்பத் திரும்ப வியக்கப்படும் ஒரு ‘புதிர்’ உண்மையில் ஒரு வகைப்பாட்டு விதியின் விளைவு.

அமெரிக்கக் கரையில் நடந்தது வேறு. அங்கே அதுவரை விற்காமலிருந்த குழுவை விற்றுக்காட்டியவர் பாஸ்கர் மேனன். திருவனந்தபுரத்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து இ.எம்.ஐ.யில் சேர்ந்து, கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் தலைமைப் பொறுப்பை வகித்தவர். நம் வீடுகளில் நாய்ப் படம் போட்ட தட்டுகளாகத் தமிழ்த் திரைப்பாட்டைக் கொண்டுவந்து சேர்த்த அதே நிறுவனம்தான். 1971இல் நட்டத்தில் தவித்த, இ.எம்.ஐ.யின் அமெரிக்கக் கிளையான கேபிட்டல் நிறுவனத்தை நடத்த அவர் அமெரிக்கா அனுப்பப்பட்டார். 1973இல் பிங்க் ஃபிளாய்ட் கேபிட்டலை விட்டு விலகிக் கொலம்பியாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. கையைவிட்டுப் போகவிருக்கும் குழுவின் கடைசி ஆல்பத்துக்கு எந்த நிறுவனமும் பெரிதாகச் செலவழிக்காது. மேனன் அந்த ஆல்பம் கேபிட்டலிலேயே வர வேண்டும் என்று குழுவைச் சம்மதிக்க வைத்து, விளம்பரத்துக்கு அள்ளிக்கொடுத்தார். அமெரிக்க இதழான பில்போர்டின் ஏப்ரல் 28 தேதியிட்ட பட்டியலில் அது முதலிடம் ஏறியது. அங்கே இருந்தது ஒரே ஒரு வாரம். அடுத்த வாரம் எல்விஸ் பிரெஸ்லியின் ஹவாய் நிகழ்ச்சித் தட்டு அந்த இடத்தைப் பிடித்தது. ‘மனி’ பாட்டைச் சிங்கிளாகச் சுருக்கி வெளியிட்டார்கள். அது 13ஆம் இடம் பெற்று, வானொலி வழியாக ஆல்பத்துக்கு ஆள் சேர்த்தது. குழு சிங்கிளைக் கைவிட்டுவிட்டது என்று எழுதுவோர் இந்த அமெரிக்கச் சிங்கிளைக் கடந்துபோவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

741 வாரங்கள்

முதலிடத்தில் ஒரு வாரம் இருந்த ஆல்பம், 1973 மார்ச்சிலிருந்து 1988வரை பில்போர்டின் ஆல்பம் பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்தது. இடையில் சில முறை விழுந்து எழுந்தது; 1976 இறுதியிலிருந்து பதினோரு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளியே இல்லாமல் நீடித்தது. உச்ச இடம் முதல் சில வாரங்களின் அவசரத்தை அளக்கிறது. நீடிப்பு, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒருவர் அந்தத் தட்டைத் தேடி வந்ததை அளக்கிறது. எனவே இந்தக் குழுவைப் பொறுத்தவரை நீடிப்பே நம்பத்தகுந்த சான்று என்று கொள்ளத் தோன்றும். பெருமளவுக்கு அது சரி. ஆனால் நீடிப்பும் விதிகளின் பிடிக்கு வெளியே இல்லை.

அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் பில்போர்டு எண்ணிக்கையைத் திரட்டவில்லை, தரவரிசையைத் திரட்டியது. கடைக்காரர்கள் எது நன்றாகப் போகிறது என்று சொன்னார்கள். அந்தச் சொற்கள் கூட்டப்பட்டன. அப்படிக் கேட்கும்போது கடைக்காரர் நினைவுக்கு முதலில் வருவது புதிய வரவுகள்தான். மூலை அலமாரியிலிருந்து வாரந்தோறும் நாலைந்து பிரதிகள் சத்தமில்லாமல் போகும் பழைய தட்டு எளிதில் விட்டுப்போகும். அப்படிப்பட்ட முறையிலும் இந்த ஆல்பம் பட்டியலில் தங்கியது என்றால், அதன் உண்மை விற்பனை பட்டியல் காட்டியதைவிட உயர்ந்தே இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. தேய்ந்த தட்டுக்கு மாற்று வாங்கியவர்கள், காசெட்டுக்கு மாறியவர்கள், எண்பதுகளில் குறுந்தகடு வந்தபோது மறுபடி வாங்கியவர்கள் என்று ஒரே ஆல்பத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு மூன்று முறை பணம் கொடுக்கப்பட்டது. ஆலன் பார்சன்ஸ் பொறியாளராக இருந்து பதிவுசெய்த ஒலியின் துல்லியம், ஒவ்வொரு புதிய வடிவத்தையும் சோதித்துப் பார்க்க ஏற்ற தட்டாக அதை ஆக்கியிருந்தது.

1991 மே 25 அன்று பில்போர்டு, கடைக் கல்லாவில் பட்டைக் குறியீட்டைப் படித்து எண்ணும் சவுண்ட்ஸ்கேன் முறைக்கு மாறியது. முதல்முறையாக உண்மையான எண்கள் கிடைத்தன. அதே வேளையில் பழைய ஆல்பங்களுக்கெனத் தனிப் பட்டியல் ஒன்று தொடங்கி, முதன்மைப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை என்று ஆக்கினார்கள். துல்லியமான தராசு வந்த அன்றே, அந்தத் தராசில் ஏற இந்த ஆல்பத்துக்கு உரிமை போய்விட்டது. 2009 டிசம்பரில் விதியை நீக்கியதும் அது திரும்பி வந்தது. இன்று மொத்தம் 900 வாரங்களைக் கடந்து நிற்கிறது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் வெற்றிடமாகத் தெரிவது பட்டியலில் மட்டுமே. அந்தக் காலத்தில் அது விற்றுக்கொண்டே இருந்தது.

சான்றிதழ் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் 1973 ஏப்ரலில் இந்த ஆல்பத்துக்குத் தங்கச் சான்றிதழ் வழங்கியது. பிளாட்டினம் என்ற படி 1976இல்தான் வந்தது. அதுவும் அந்த ஆண்டுமுதல் வெளிவந்தவற்றுக்கு மட்டும். அதனால் கோடிக்கணக்கில் விற்ற ஆல்பம் 1990 பிப்ரவரிவரை ‘தங்கம்’ என்ற நிலையிலேயே ஏட்டில் கிடந்தது. பின்னர் ஒரே நாளில் 11 மடங்கு பிளாட்டினம் ஆனது, 1998இல் 15 மடங்கு. ‘தி வால்’ 23 மடங்கு பெற்றிருப்பதைக் காட்டி அதுவே அதிகம் விற்றது என்று எழுதுவோரைப் பார்க்கிறோம். ‘தி வால்’ இரட்டைத் தட்டு. ஒரு பெட்டி விற்றால் இரண்டு அலகு. பெட்டிகளாக எண்ணினால் ஒரு கோடியே 15 லட்சம்; மற்றது ஒன்றரைக் கோடி.

ஆலையும் பள்ளிச் சிறுவரும்

1975இன் ‘விஷ் யூ வேர் ஹியர்’ இரண்டு கரைகளிலும் முதலிடம் பெற்றது. பிரிட்டனில் முன்பதிவு குவிந்ததால், கேட்டதில் பாதியைத்தான் அனுப்ப முடியும் என்று இ.எம்.ஐ. கடைகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் வாரம் 3ஆம் இடத்திலும் அடுத்த வாரம் முதலிடத்திலும் அது தெரிந்ததில், தட்டு அச்சிடும் ஆலையின் கொள்ளளவுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

‘அனதர் பிரிக் இன் த வால், பகுதி 2’ குழுவின் கொள்கைக்கு விலக்காக வந்தது. தயாரிப்பாளர் பாப் எஸ்ரின்தான் அந்தச் சிறு பகுதியை நீட்டி, லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளி மாணவர்களின் குரலைச் சேர்த்து, சிங்கிள் ஆக்கினார். 1979ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் அதுவே முதலிடம். 1980இல் அமெரிக்காவிலும் நான்கு வாரங்கள். ஆல்பம் அமெரிக்காவில் பதினைந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் கல்விப் பாகுபாட்டை எதிர்த்த போராட்டத்தில் அந்தப் பாட்டைக் கையில் எடுத்தார்கள். 1980இல் அரசு அதைத் தடைசெய்தது. ஒரு பாட்டின் பரவலுக்கு அரசாணை தரும் சான்று, எந்தத் தரவரிசை எண்ணுக்கும் குறைந்ததன்று.

அலகு பற்றிய வழக்கு

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். விதிகள் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவானவைதானே, ஒரு குழுவுக்கு மட்டும் அவற்றால் என்ன தனிக் கேடு என்று கேட்கலாம். விதி பொதுவாக இருக்கலாம், விளைவு பொதுவாக இருப்பதில்லை. அலகை மாற்றும் விதி, அந்த அலகில் படைப்பவரைத்தான் தாக்கும். குழு இதை நன்கு உணர்ந்திருந்தது என்பதற்கு 2010 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு சான்று. ஆல்பத்தைப் பிரித்து விற்கக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை இணையப் பதிவிறக்கத்துக்கும் பொருந்துமா என்பது கேள்வி. தட்டுக்கு மட்டுமே பொருந்தும் என்றது இ.எம்.ஐ. நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு புதிய உடன்பாடு ஏற்பட்டது. 2013 முதல் பாட்டுகள் ஸ்ட்ரீமிங் தளங்களிலும் தனித்தனியாக வந்துவிட்டன. நீதிமன்றத்தில் வென்ற அலகு சந்தையில் நிலைக்கவில்லை.

2014 டிசம்பரில் பில்போர்டு தன் ஆல்பம் பட்டியலில் ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்தது. 1,500 முறை ஓடிய பாட்டுகள் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று வகுத்தது. இந்த விகிதம் பிறகு மாறியிருக்கிறது, கொள்கை மாறவில்லை. பாட்டு எவ்வளவு நீளம் என்பது கணக்கில் வராது. 1977இன் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தில் இருப்பவை ஐந்தே உருப்படிகள். முன்னும் பின்னும் இரண்டு சிறு பாட்டுகள்; நடுவே பதினேழு நிமிட ‘டாக்ஸ்’, பத்து நிமிடத்துக்கு மேற்பட்ட இன்னும் இரண்டு. முழு ஆல்பத்தையும் ஒருவர் கேட்டு முடித்தால் ஐந்து ஓட்டங்கள் சேரும். ஓர் அலகு சேர முந்நூறு முறை முழுதாகக் கேட்க வேண்டும். இருபது குறும்பாட்டுகள் கொண்ட ஆல்பத்துக்கு எழுபத்தைந்து முறை போதும். நாற்பத்தோரு நிமிடம் உட்கார்ந்து கேட்பவரின் கவனம், அதே நேரத்தைச் சிறு பாட்டுகளில் செலவிடுபவரின் கவனத்தில் நான்கில் ஒரு பங்காகப் பட்டியலில் பதிகிறது. மறுபுறம், ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்ற ஒற்றைப் பாட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள், அந்த ஆல்பத்தின் பாதிக்கு மேல் நிறைந்திருக்கும் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ படைப்பை ஒருமுறைகூடக் கேட்காமலேயே முழு ஆல்பத்தையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். இந்த எண்களை 1975இன் எண்களோடு ஒரே நிரலில் அச்சிடும் கையேடுகள், குறைந்தது ஒவ்வொரு விதி மாற்றத்துக்கும் நிரலின் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும்: 1969, 1971, 1989, 1991, 2009, 2014.